குரோம் பம்பரும் கறுப்பு றப்பரும்: பழைய பிரித்தானியக் கார்களில் எது மேல்?

பிரித்தானியாவில் பழைய எம்.ஜி.பி கார் ஒன்றை வாங்க விரும்புபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: குரோம் பம்பரா, றப்பர் பம்பரா?

1974 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை அபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த எம்.ஜி.பி கார்களின் முன்னும் பின்னும் பளபளக்கும் குரோம் பூசிய பம்பர்கள் இருந்தன. அதன் பின்னர் வந்தவற்றில் பருத்த கறுப்புப் பம்பர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டுக்கும் பெயர் ஒன்று, தொழிற்சாலை ஒன்று, எஞ்சினின் அளவும் ஒன்று. ஆனாலும் ஐம்பது வருடங்கள் கழிந்த பின்னரும் பெரும்பாலானவர்கள் பழையதையே தேடுகிறார்கள். பழையதற்கே விலையும் கூட.

புதிய மொடல் என்றால் பழையதை விடத் திறமாக இருக்கும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். எம்.ஜி.பியில் ஏன் இது தலைகீழானது? இந்தக் கேள்வி ஏதோ வெள்ளைக்காரப் பணக்காரரின் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல. இந்தக் காரின் எஞ்சினோடு ஒரே குடும்பத்தில் பிறந்த எஞ்சின்கள்தான் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெய்ப் புகை கக்கியபடி ஓடித்திரிந்தன. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னர், கார்கள் பிறந்த இடத்தில் இருந்து தொடங்குவோம்.

சாதாரண கார்களின் பாகங்களில் பிறந்தவை

எம்.ஜி. என்ற பெயர் ஒக்ஸ்போர்ட் நகரில் இருந்த மொறிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் முதலெழுத்துகளில் இருந்து வந்தது. அதன் முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மொறிஸ் கார்களின் பாகங்களை எடுத்து, அவற்றின் மேல் கவர்ச்சியான உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றின் இரகசியமே இதுதான். அவை வானத்தில் இருந்து குதித்தவை அல்ல. குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் காரின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் அச்சுகளும்தான் அவற்றின் அடியில் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 இல் எம்.ஜி. வெளியிட்ட ரி.சி என்ற கார், மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்து செய்யப்பட்டது. போருக்காக இங்கிலாந்துக்கு வந்திருந்த அமெரிக்கப் படையினருக்கு இந்தச் சிறிய திறந்த கார்கள் பிடித்துப்போயின. இங்கிலாந்துக்கும் அப்போது டொலர் அவசரமாகத் தேவைப்பட்டது. அன்றிலிருந்து பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் விதியை எழுதியது அமெரிக்கச் சந்தைதான்.

1955 இல் எம்.ஜி.ஏ வந்தது. வளைந்து வழுக்கும் அழகான உடல், தனியான இரும்புச் செசி, 1489 சி.சி. எஞ்சின். 1962 வரை ஒரு இலட்சத்துக்கும் சற்று அதிகமான எம்.ஜி.ஏ கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஏற்றுமதியாகின. அழகில் குறை சொல்ல முடியாத இந்தக் காரில் வசதி மிகக் குறைவு. திறந்த எம்.ஜி.ஏயின் கதவில் வெளிப்பக்கக் கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் கழற்றி வைத்திருக்கும் பக்கத் திரைகளை எடுத்துப் பொருத்த வேண்டும்.

எம்.ஜி.பி: முதல் பன்னிரண்டு வருடங்கள்

1962 செப்ரெம்பரில் எம்.ஜி.ஏயின் இடத்துக்கு எம்.ஜி.பி வந்தது. இது உண்மையிலேயே முன்னேற்றம். தனிச் செசி போய், உடலே செசியாக வேலை செய்யும் கட்டமைப்பு வந்தது. இதனால் கார் நீளத்தில் குறைந்தது, ஆனால் உள்ளே இடம் கூடியது. ஏற்றி இறக்கும் கண்ணாடி வந்தது, வெளிக் கைபிடி வந்தது. எஞ்சின் 1798 சி.சி. ஆகப் பெருத்து, சுமார் 95 குதிரைவலுவைத் தந்தது.

அதன் பிறகும் சிறிய திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆரம்பத்தில் எஞ்சினின் சுழல்தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்கின; 1964 இல் அது ஐந்தானது, எஞ்சினின் ஆயுள் கூடியது. 1965 இல் கூரையுள்ள ஜி.ரி வடிவம் வந்தது. 1967 இல் டைனமோவுக்குப் பதிலாக அல்டநேற்றர் வந்தது. அதே காலத்தில் முதலாவது கியருக்கும் சிங்குரோமெஷ் கிடைத்தது. அதுவரை கார் முழுதாக நின்றால்தான் முதலாம் கியரைச் சத்தமில்லாமல் போடலாம்.

ஆக, 1962 இல் இருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை எம்.ஜி.பியில் 'புதியது மேல்' என்ற விதி பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 1970 ஆம் ஆண்டுக் கார் 1963 ஆம் ஆண்டுக் காரை விட ஓட்ட இலகுவானது, நெடுநாள் உழைப்பது. விதி உடைந்தது அதன் பிறகுதான்.

ஒரு அங்குலம் உயர்ந்த கார்

1966 இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1970 இல் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. அதன் பின்னர் பம்பர்கள் குறிப்பிட்ட உயரத்தில் இருக்கவேண்டும், மெதுவான மோதலில் விளக்குகள் சேதமாகக் கூடாது என்ற விதிகள் வந்தன. எம்.ஜி.பியின் மிகப்பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே விற்கமுடியாவிட்டால் அபிங்டனை மூடவேண்டியதுதான்.

பணமுள்ள கம்பனியாக இருந்தால் புதிய விதிகளுக்கு ஏற்பப் புதிய காரை வடிவமைத்திருக்கும். ஆனால் 1968 இல் பல கம்பனிகள் ஒன்றிணைந்து உருவான பிரிட்டிஷ் லேலண்ட் கடனிலும் வேலைநிறுத்தங்களிலும் திணறிக்கொண்டிருந்தது. 1975 இல் அரசாங்கமே அதைப் பொறுப்பேற்க வேண்டிய நிலை. கையில் இருந்த கொஞ்சப் பணமும் ட்ரையம்ப் ரி.ஆர்.7 என்ற காருக்குப் போனது. எம்.ஜி.பிக்குக் கிடைத்தது ஒட்டுப்போடும் வேலை மட்டும்தான்.

அந்த ஒட்டுதான் கறுப்புப் பம்பர். 'றப்பர்' என்று எல்லோரும் சொன்னாலும், அது இரும்புச் சட்டத்தின் மேல் வார்த்த பொலியூரித்தேன். பம்பர் சட்டம் கேட்ட உயரத்துக்கு வரவேண்டும் என்பதற்காகக் கார் முழுவதையுமே ஏறக்குறைய ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். அதனால் பாரத்தின் மையம் மேலே போனது. வளைவுகளில் கார் முன்பை விடக் கூடுதலாகச் சரியத் தொடங்கியது. சரிவைத் தடுக்கும் முன்பக்கத் தண்டும் செலவைக் குறைப்பதற்காகச் சிறிது காலம் திறந்த கார்களில் நீக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரண்டு எஸ்.யூ. காபிறேற்றர்களுக்குப் பதிலாக ஒரேயொரு காபிறேற்றர் பொருத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் சேர, வலு அறுபது சொச்சத்துக்கு இறங்கியது. பெயர் ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டம் குடும்பக் காரை விடவும் மெது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். 1976 நடுப்பகுதியில் முன்னும் பின்னும் சரிவுத் தடுப்புத் தண்டுகள் பொருத்தப்பட்டு ஓட்டம் ஓரளவு சீராக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ், பிரித்தானியக் கார்களுக்கு 1975 இல் இருந்து கட்டாயப் பாகமானது. சீற்றுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்த இரண்டு 6 வோல்ட் பற்றரிகளுக்குப் பதிலாக ஒரு 12 வோல்ட் பற்றரி வந்தது. அன்றாடம் ஓட்டுவதற்கு, நன்றாகப் பராமரித்த 1978 ஆம் ஆண்டுக் கார், துருப்பிடித்த 1966 ஆம் ஆண்டுக் காரை விட ஆயிரம் மடங்கு மேல். பம்பரைப் பார்த்து மட்டும் காரை எடைபோடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

1980 ஒக்ரோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. பதினெட்டு வருடங்களில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பிகள் அங்கிருந்து வெளியேறியிருந்தன. அதற்குப் பதிலாக வேறொரு கார் கடைசிவரை வரவேயில்லை.

மற்றக் கார்களிலும் இதே கதை

ஜகுவார் ஈ-ரைப் கார் 1961 இல் ஜெனீவாக் கண்காட்சியில் வந்தபோது, அதன் முன்விளக்குகளைக் கண்ணாடி மூடியிருந்தது. மூக்கில் சிறிய வாய் மட்டும். அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கண்ணாடி மூடி அகற்றப்பட்டது. இரண்டாவது தொடரில் வாய் பெருத்தது, விளக்குகள் பெருத்தன. 1971 இல் வந்த மூன்றாவது தொடரில் 5.3 லீற்றர், 12 சிலிண்டர் எஞ்சின். அது வசதியான, அமைதியான, நீண்ட பயணத்துக்கு ஏற்ற கார். ஆனாலும் சேகரிப்பவர்கள் உயர்ந்த விலை கொடுப்பது பெரும்பாலும் முதலாவது தொடருக்குத்தான். வடிவமைத்தவரின் கை எந்தத் தலையீடும் இன்றி வரைந்தது அந்த முதலாவதைத்தான் என்பது அவர்கள் வாதம்.

இன்னும் வேடிக்கையானது லோட்டஸ் செவன் காரின் கதை. 1957 இல் வந்த இந்தக் காரில் நான்கு சில்லும் ஒரு எஞ்சினும் இரண்டு சீற்றும் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. 1970 இல் லோட்டஸ் கம்பனி கண்ணாடியிழை உடலோடு நான்காவது தொடர் என்ற புதிய வடிவத்தை வெளியிட்டது. 1973 இல் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் கம்பனி அந்தப் புதிய வடிவத்தைச் சிறிது காலம் செய்துபார்த்துவிட்டுக் கைவிட்டது. பழைய மூன்றாவது தொடரைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. அந்தப் பழைய வடிவத்தின் வழிவந்த கார்கள் இன்றும் விற்பனையாகின்றன. ஒரு புதிய மொடல் தோற்று, அதற்கு முந்தியது உயிர்த்தெழுந்த சம்பவம் கார் உலகில் மிக அரிது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகிறது. மொடல் மாறுவதற்குக் காரணம் எப்போதும் பொறியியல் முன்னேற்றம் அல்ல. சில நேரம் சட்டம், சில நேரம் காசில்லாத கம்பனி, சில நேரம் தூர தேசத்துச் சந்தை. எனவே 'பழையதா, புதியதா' என்று கேட்பதை விட, 'எது, எதற்காக மாற்றப்பட்டது' என்று கேட்பதே சரியான கேள்வி.

ஒரே எஞ்சின், இரண்டு வாழ்க்கை

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எம்.ஜி.ஏயில் இருந்த 1489 சி.சி. எஞ்சினின் பெயர் 'பி' வரிசை. ஒஸ்ரின், மொறிஸ் கம்பனிகள் 1952 இல் இணைந்து உருவாக்கிய பி.எம்.சி. நிறுவனத்தின் எஞ்சின் அது. அதே 1489 சி.சி. எஞ்சின்தான் 1954 இல் வந்த ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிட்ஜ் காரிலும் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு காபிறேற்றரோடு சுமார் 50 குதிரைவலு, எம்.ஜி.ஏயில் இரண்டு காபிறேற்றர்களோடு சுமார் 70. 1961 இல் வந்த ஏ60 கேம்பிரிட்ஜின் 1622 சி.சி. எஞ்சின், கடைசி எம்.ஜி.ஏயிலும் இருந்தது. நாம் 'ஏ போட்டி' என்று அழைத்த ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றின் 1200 சி.சி. எஞ்சின், இந்தப் 'பி' வரிசைக்கு மூத்தது. இந்தியாவின் அம்பாசடர் காரில் நீண்டகாலம் ஓடியதும் இதே 1489 சி.சி. எஞ்சின்தான்.

மொறிஸ் மைனரின் கதையும் இப்படித்தான். 1956 இல் வந்த மைனர் 1000 இன் 948 சி.சி. எஞ்சினை 1958 இல் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். தவளையின் கண்போல விளக்குகள் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் காரின் ஸ்ரியறிங் பாகமும் மைனருடையதே. வாத்தியாரும் பிரசவ நேர்ஸும் ஓட்டிய காரும், இன்று பிரித்தானியக் கண்காட்சிகளில் துணியால் துடைத்துத் துடைத்து நிறுத்திவைக்கும் காரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இலங்கைக்கு ஐம்பதுகளில் வந்த இந்தக் கார்கள் இவ்வளவு காலம் ஓடியதற்கு முதற்காரணம், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டதே. புதிய கார் இல்லை என்றால் உள்ளதைத் திருத்தித்தான் ஆகவேண்டும். திருத்துவதற்குக் கராஜ்களும், கடைசல் பட்டறைகளும், கை தேர்ந்த மெக்கானிக்குகளும் உருவானார்கள். வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் ஒஸ்ரின்கள் ஊர் ஊராக ஓடின. 1990 இல் பெரிய சோதனை வந்தபோது அந்த அறிவு ஏற்கனவே எம்மிடம் இருந்தது.

மண்ணெண்ணெயில் ஓடியது எப்படி?

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, சவர்க்காரம், சீமெந்து எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. மட்டுப்படுத்திய அளவில் வந்தது மண்ணெண்ணெய். அதுவும் கொழும்பு விலையை விடப் பல மடங்கு. அந்த மண்ணெண்ணெயில்தான் ஒஸ்ரினும் மைனரும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஓடின. சனம் அதை ஒரு சாமர்த்தியமாக நினைவில் வைத்திருக்கிறது. அதன் பின்னால் தெளிவான பொறியியல் இருக்கிறது.

மண்ணெண்ணெய்க்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது பெற்றோலைப் போல் குளிரில் இலகுவாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அதைத் தெளித்தால் துளியாகவே நிற்கும், பற்றாது. அதனால்தான் ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை முதலில் உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் புகை வெளியேறும் குழாயும் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று ஒட்டியபடி இருக்கும். ஒரு குழாயின் சூடு மற்றதில் போகும் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இந்தக் குழாய்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன.

இரண்டாவது, கூடுதலாக அமுக்கினால் மண்ணெண்ணெய் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். சிலிண்டருக்குள் போகும் காற்றை எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைத்தான் மெக்கானிக்குகள் கொம்பிறஷன் என்பார்கள். ஏ40 சொமர்செற்றில் அது ஏழு மடங்குக்குச் சற்று மேல். எம்.ஜி.பியில் 8.8 மடங்கு. அதனால்தான் வேகம் குறைந்த, வயது கூடிய ஒஸ்ரின் மண்ணெண்ணெயைத் தாங்கியது. உயர்ந்த கொம்பிறஷன் உள்ள புதிய யப்பான் கார்கள் இலகுவில் தாங்கவில்லை. தடைக்காலத்தில், பழையதின் பலவீனமே அதன் பலமானது.

இது எமது கண்டுபிடிப்பு மட்டும் அல்ல; இங்கிலாந்தே ஒருகாலத்தில் இதைச் செய்தது. கொவென்றியில் ஸ்ரான்டட் கம்பனி செய்த பேர்கசன் ரி.ஈ.20 உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடும் ஒரு வகை இருந்தது. பெற்றோலில் தொடங்கி, சூடான பின் எரிபொருளை மாற்றுவதே அதன் முறை. அந்த உழவு இயந்திரத்தின் எஞ்சினுக்கு நெருங்கிய உறவுதான் 1953 இல் வந்த ட்ரையம்ப் ரி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்! புத்தகம் பார்க்காமல், தடையின் நெருக்குதலால் எங்கள் மெக்கானிக்குகள் அதே முறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு எஞ்சின்கள் கொடுத்த விலையும் பெரிது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்; கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி படியும், பிஸ்டன் வளையங்கள் தேயும். அடிக்கடி கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டவேண்டும். சாதாரண சாவிகளோடு முற்றத்து மாமர நிழலில் கழற்றக்கூடிய எஞ்சின் என்பதால்தான் அது முடிந்தது. பற்றரி செத்தால், முன்னால் கைபிடியைச் செருகிச் சுற்றி ஸ்ராட் பண்ணலாம். பொயின்ற் கருகினால் அரத்தாள் போதும்.

திருத்தக்கூடியதே நிலைக்கிறது

பிரித்தானியாவில் எம்.ஜி.பி இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடுவதற்கும் காரணம் இதுவே. ஒரு சாதாரண ஆள், ஒரு புத்தகத்தையும் சில சாவிகளையும் வைத்துக்கொண்டு அதைத் திருத்தலாம். 1988 இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து எம்.ஜி.பியின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அந்த உடலை அடிப்படையாகக் கொண்டு 1992 இல் எம்.ஜி. ஆர்.வி.8 என்ற காரே வெளிவந்தது. செய்த ஏறக்குறைய இரண்டாயிரத்தில் பெரும்பகுதி யப்பானுக்குப் போனது. மொறிஸ் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் தொண்ணூறுகளில் இலங்கையின் காலிப் பகுதியில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. அதே தீவின் வடக்கே, அதே காருக்கு ஒரு பற்றரி கொண்டுபோக முடியாதிருந்த காலம் அது.

மறுபுறத்தில், 1995 இல் வந்த எம்.ஜி.எப் நவீனமானது, நடுவில் எஞ்சின், நல்ல ஓட்டம். ஆனால் ஹெட் காஸ்கெற் பழுதாகும் என்ற கெட்ட பெயர் அதன் எஞ்சினுக்கு ஒட்டிக்கொண்டது. 2005 இல் எம்.ஜி. றோவர் கம்பனி வீழ்ந்தது. பெயர் சீனாவுக்குப் போனது. இன்று அந்தப் பெயரோடு வரும் சைபர்ஸ்ரர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் எடை ஏறக்குறைய இரண்டு தொன், எம்.ஜி.பி ஒரு தொன்னுக்கும் குறைவு. வேகத்தில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் கணினியும் கம்பனியின் அனுமதியும் இல்லாமல் அதன் உள்ளே கைவைக்கவும் முடியாது.

இதற்காகப் பழைய கார்களைத் தெய்வமாக்கத் தேவையில்லை. மைனரிலும் ஒஸ்ரினிலும் காற்றுப்பை இல்லை. மோதலில் ஸ்ரியறிங் தண்டு நெஞ்சை நோக்கி வரும். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்குமான பிறேக்கும் போய்விடும். அமெரிக்கச் சட்டங்கள் எம்.ஜி.பியின் அழகைக் கெடுத்தது உண்மை. அதே வகைச் சட்டங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்ததும் உண்மை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போவதற்குப் புதிய கார்தான் பொருத்தம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்குச் சில குறிப்புகள்

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் சிலர் அப்பாவின் ஒஸ்ரினை நினைத்து இப்படியான கார் ஒன்றை வாங்க விரும்புவது உண்டு. நாற்பது வருடம் கடந்த கார்களுக்கு அங்கே வீதி வரி இல்லை. அடிப்படை மாற்றங்கள் செய்யப்படாதிருந்தால் வருடாந்தச் சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனால் சோதனை கட்டாயம் இல்லை என்பதற்காகக் கார் பத்திரமானது என்று அர்த்தம் இல்லை. வாங்கும் முன்னர் தகுந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பம்பரைப் பார்க்கும் முன்னர் அடியைப் பாருங்கள். எம்.ஜி.பியின் கதவுக்குக் கீழே ஓடும் நீண்ட பெட்டிப் பகுதிதான் காரின் முதுகெலும்பு. அது துருப்பிடித்து, மேலே தகடும் பெயின்றும் பூசி மறைக்கப்பட்டிருந்தால் திருத்தச் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். எஞ்சினைத் திருத்துவது இலகு; உடலைத் திருத்துவதே பெருஞ்செலவு. 2021 இல் இருந்து அங்கே சாதாரணமாக விற்கப்படும் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. அது பழைய றப்பர்க் குழாய்களை அரிக்கக்கூடியது. ஐந்து வீதம் வரை மட்டும் கலந்த வகையை அடிப்பதே நல்லது.

எழுதிவைக்க வேண்டிய அறிவு

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 2022 இல் முழு நாடும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றது. தட்டுப்பாடு என்பது ஒருமுறை வந்து முடிந்துபோகும் விடயம் அல்ல என்பதைத் தெற்கும் அப்போது கண்டது. வடக்குக்கு அது பழைய பாடம்.

அபிங்டன் தொழிற்சாலையில் செய்த கார்களின் பதிவேடுகள் இன்றும் பிரித்தானியாவில் காக்கப்படுகின்றன. கார் எண்ணைக் கொடுத்தால், எந்த நாளில் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருகிறார்கள். மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய எங்கள் மெக்கானிக்குகளிடம் அப்படி ஒரு பதிவேடு இல்லை. காபிறேற்றரின் எந்தத் துவாரத்தை எவ்வளவு மாற்றினார்கள், தீப்பொறி விழும் நேரத்தை எவ்வளவு பின்தள்ளினார்கள், தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக எதைக் கடைந்து போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களின் கைகளிலேயே இருக்கிறது. அவர்களில் பலருக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது.

உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், கையடக்கத் தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு அவர் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருங்கள். வளவில் ஒரு பழைய ஒஸ்ரின் கிடந்தால், இரும்பு வியாபாரிக்குக் கொடுக்கும் முன்னர் அதன் எஞ்சின் எண்ணையாவது குறித்து வையுங்கள். படம் எடுத்து வையுங்கள். அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைக் கடந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள்.